மலிவு காலம்

என் சின்னத் தாத்தாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, திண்ணையில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்ததும், "அந்தக் காலத்திலே..." என்று ஆரம்பிப்பார். அவருடைய அந்தக் காலம் மிகவும் குறுகியது. 1931-ல் தொடங்கி 1938-க்குள் முடிந்துவிடும். "மயிலாப்பூரிலே ஒரு ரூபாய் கொடுத்தால் ஆறு ஏழு படி அரிசி. நெய் என்ன விலை, வெண்ணெய் என்ன விலை! நான் வாங்கின சம்பளத்திலே குடித்தனம் பண்ணி, மிச்சமும் பிடித்தேன். மலிவு காலம் என்றால் அதுதான். இனிமேல் வருமா?" என்பார்.

இந்தப் பேச்சு ஆரம்பமானால் என் பாட்டி, அதாவது அவருடைய மன்னி, அங்கே இருக்க மாட்டாள். கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இது 1960-களில் நடந்தது. நான் பள்ளிக்கூடத்துப் பையன். வயதானவர்களுக்குள் ஏதோ பழைய மனஸ்தாபம் என்றுதான் நினைத்தேன். மனஸ்தாபந்தான், ஆனால் அதற்குக் காரணம் அரிசி விலை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அரிசி மலிந்ததற்காக ஒரு குடும்பம் இருபத்திரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்குமா?

பாட்டி காலமாகி அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அவள் வைத்துவிட்டுப் போன டிரங்குப் பெட்டியில் மூன்று சாமான்கள் இருந்தன. தாத்தாவின் கணக்கு நோட்டு ஒன்று. சின்னத் தாத்தா பட்டணத்திலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு. உள்ளே சிவப்பு வெல்வெட்டுத் தைத்த ஒரு மரப்பெட்டி. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பெரிய ஆஸ்தி. ஆனால் கதையாக எழுதினால் நடந்ததை எங்காவது வளைத்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. ஆகையால் சரித்திரமாகவே எழுதுகிறேன்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது எல்லாரும் அறிந்த விஷயம். அங்கே ஒரு கோடீசுவரன் ஓட்டாண்டியாவதற்கும், காவேரிப் பாசனத்தில் பத்து ஏக்கர் வைத்திருக்கிறவன் கஷ்டப்படுவதற்கும் என்ன சம்பந்தம் என்று தாத்தா கேட்டிருக்கக்கூடும். அவர் நோட்டில் அமெரிக்காவின் பெயரே இல்லை. 1930-ஆம் வருஷத்துப் பக்கங்களில் நெல் விலை கொஞ்சம் தணிகிறது. 1931 பிறக்கும்போது தொப்பென்று விழுகிறது. அவ்வளவுதான். உலகத்தில் வாங்குகிறவன் கை சுருங்கினால், விற்கிறவன் எந்த மூலையில் இருந்தாலும் அவன் சாக்கு திரும்பி வந்துவிடும். கோதுமை, பருத்தி, சணல், நிலக்கடலை, ரப்பர், கடைசியில் அரிசி என்று வரிசையாக விழுந்தன. கல்கத்தா மொத்த விலைக் குறியீடு என்று ஒன்று உண்டு. 1914 ஜூலையை 100 என்று வைத்துக்கொண்டால், 1929-ல் அது 141. 1933-ல் 87. இது எல்லாச் சரக்குகளையும் சேர்த்து எடுத்த சராசரி. உழவன் விற்கும் சரக்குகள் இதைவிடவும் அதிகமாக விழுந்தன; சென்னை ராஜதானியில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

பாதியானால் என்ன? எல்லாமே பாதியானால் யாருக்கும் நஷ்டம் இல்லையே என்று தோன்றும். நானும் வெகு நாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தாத்தாவின் நோட்டைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

எங்களுக்குக் கும்பகோணத்துக்கு அருகே ஒன்றரை வேலி நிலம். ஏக்கரில் சொன்னால் பத்து. ஆள் கூலி, விதை, வீட்டுச் சாப்பாடு எல்லாம் போக, விற்பதற்கு ஏறத்தாழ 120 கலம் நெல் மிஞ்சும். 1928-ல் கலம் இரண்டரை ரூபாய். ஆக 300 ரூபாய் கையில் வரும். அந்த வருஷந்தான் தாத்தா என் அத்தையின் கல்யாணத்துக்காக 1,500 ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. வருஷத்துக்கு 180 ரூபாய். சர்க்கார் கிஸ்து 80 ரூபாய். இரண்டும் போக நாற்பது ரூபாய் நிற்கும். துணிமணிக்கும் நாள் கிழமைக்கும் அது போதும். கடன் வாங்கினாலும் அவர் கண்மூடித்தனமாக வாங்கவில்லை. கணக்குப் பார்த்துத்தான் வாங்கினார்.

1933-ல் கலம் ஒன்றேகால் ரூபாய். அதே 120 கலம், அதே மழை, அதே உழைப்பு. கையில் வந்தது 150 ரூபாய். வட்டி மட்டும் 180. கிஸ்து அதே 80. நாற்பது ரூபாய் மிச்சம் போய், வருஷத்துக்கு 110 ரூபாய் துண்டு விழுகிறது. வாங்கின நாளில் 1,500 ரூபாய் என்பது 600 கலம் நெல். ஐந்து வருஷம் கழித்து அதே 1,500 ரூபாய் 1,200 கலம் நெல். கூட ஒரு காசு கடன் வாங்காமலே கடன் இரட்டித்துவிட்டது. தாத்தா அதை நோட்டில் இரண்டு மூன்று முறை கூட்டிப் பார்த்திருக்கிறார். எங்கோ தப்பு இருக்கிறது என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

விலைகள் விழுந்தன; கடன் விழவில்லை, வட்டி விழவில்லை, வரி விழவில்லை. மலிவு காலத்தின் ரகசியம் இதற்குள்தான் இருக்கிறது. ராஜதானி முழுவதும் விவசாயிகளின் கடன் 150 கோடி ரூபாய் என்று 1930-ல் பாங்கு விசாரணைக் கமிட்டி மதிப்பிட்டது. 1935-ல் சத்தியநாதன் என்ற அதிகாரி விசாரித்து 200 கோடி என்றார். இந்த ஐந்து வருஷங்களில் புதுக் கடன் கொடுப்பாரே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், கூடுதல் 50 கோடியில் எவ்வளவு கட்டாத வட்டி என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு மேலே நாணய மாற்று என்று ஒரு சனியன். 1927-ல் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டம் செய்தார்கள். 1 ஷில்லிங் 4 பென்ஸ் போதும் என்று சர் புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ் தனியாக ஆட்சேபக் குறிப்பு எழுதினார்; எடுபடவில்லை. இரண்டு பென்ஸில் என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். லண்டனில் ஒரு பவுனுக்கு விற்ற சரக்குக்கு 15 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான் வரும். அந்த விகிதத்தைக் கட்டிக் காப்பதற்காக, மார்க்கெட்டில் பணம் வற்றிக் கிடந்த நேரத்திலும் சர்க்கார் பணத்தைச் சுருக்கிப் பிடித்தது. நோயாளிக்குப் பத்தியம் என்று பட்டினி போட்ட மாதிரி.

நெல்லுக்குப் போட்டி வெளியே இருந்து வந்தது. அதில் ஒரு விசித்திரம் உண்டு. ஐராவதி டெல்டாவில் காட்டை அழித்து வயலாக்கியவர்கள் பர்மிய உழவர்கள்; அதற்கு முதல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நம் செட்டிநாட்டார். தமிழ்நாட்டுப் பணம் அங்கே போய் நெல்லாக விளைந்து, கப்பலேறி வந்து, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தஞ்சாவூர் நெல்லின் விலையை அடித்தது. 1937 வரை பர்மா இந்தியாவைச் சேர்ந்ததே. ஆகையால் சுங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது போதாதென்று சயாம் அரிசியும், குருணையும் வந்து குவிந்தன. மிராசுதார்கள் கூக்குரல் போட்டுப் போட்டு, 1935-ல்தான் வெளிநாட்டுக் குருணைக்கு மணங்குக்கு 12 அணா வரி வந்தது.

பர்மாவில் நடந்ததையும் சொல்லியாகவேண்டும். அங்கேயும் நெல் விலை பாதியாயிற்று. கடன்பட்ட பர்மியனால் வட்டி கட்ட முடியவில்லை. செட்டியாருக்கு வேண்டியது பணம், கிடைத்தது நிலம். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில், 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. 1937-க்குள் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. விற்க ஆள் இல்லாத நிலம். அதை வைத்துக்கொண்டு ஊரில் டெபாசிட் போட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது? ஆனாலும் நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு, எடுத்துக்கொண்டவன் சுகமாக இருப்பதாகத்தானே தெரியும்? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளுக்கும் பர்மியருக்கும் வேலைக்காக மூண்ட சண்டை பெரிய கலகமாயிற்று. அதே வருஷம் டிசம்பரில் சாயா சான் என்பவன் தலைமையில் குடியானவர்கள் கிளம்பினார்கள்; மறு வருஷம் அவனைத் தூக்கில் போட்டார்கள். செட்டியார்களின் அந்த 25 சதவீதம், யுத்தமும் 1948-ன் நில தேசியமயச் சட்டமும் வந்தபோது கையை விட்டுப் போயிற்று. காரைக்குடிப் பக்கத்தில் அதைப் பற்றி இன்றும் பேசுகிற வீடுகள் உண்டு.

நாகப்பட்டினம் ரேவு இன்னொரு காட்சியையும் கண்டது. மலாயாவில் ரப்பர் 1925-ல் லண்டன் விலைக்கு ராத்தல் 4 ஷில்லிங்குக்கு மேலே போயிருந்தது. 1932-ல் 2 பென்ஸுக்கும் கீழே வந்துவிட்டது. மரம் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அதை எடுக்கிற கூலிக்குத்தான் கட்டவில்லை. 50 சென்டாக இருந்த ஆண் கூலியைக் குறைத்தார்கள், பிறகும் குறைத்தார்கள், பிறகு ஆளையே குறைத்தார்கள். கங்காணி பேச்சைக் கேட்டுப் போன ஜனங்கள், லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பினாங்கிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்தார்கள். எங்கள் கிராமத்துக்கு மட்டும் மூன்று குடும்பங்கள் வந்ததாகப் பாட்டி சொல்வாள். "போகிறபோது இருந்த குடிசை வருகிறபோது இல்லைடா. மாட்டுக் கொட்டகை ஓரத்திலே ஒண்டிக்கொண்டார்கள். அந்தப் பெண் பிள்ளைகள் மலாயாச் சீட்டித் துணி கட்டிக்கொண்டு களை பறிக்க வந்து நின்றதை நான் பார்த்தேன். இருக்கிற ஆளுக்கே வேலை இல்லை" என்பாள். நெல்லாகக் கூலி வாங்கிய பழைய பண்ணையாட்களுக்கு வயிறு ஒருவாறு தப்பியது. அதிலும் பாதி வயிறுதான், அது பஞ்சம் இல்லாத வருஷத்திலும் அப்படியே. காசுக் கூலியை நம்பியவர்கள் பாடுதான் மோசம். ஆள் பெருகி வேலை சுருங்கியபோது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் தாத்தாவும் கொடுத்ததைத்தான் கொடுத்தார். நோட்டில் 1932-ல் களைக் கூலி குறைந்திருப்பதைப் பார்க்கிறேன். தன் கடன் இரட்டித்ததை மூன்று தடவை கூட்டிப் பார்த்த மனிதர், இந்த வரியைக் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி அந்த வெல்வெட்டுப் பெட்டி. பாட்டிக்குக் கல்யாணத்தில் போட்ட காசுமாலை அதில் இருந்தது. முப்பத்தொரு பவுன் காசு கோத்த மாலை. ஏன் பணத்தைப் பாங்கில் போடாமல் கழுத்தில் போட்டார்கள் என்று இன்றைக்குக் கேட்பது சுலபம். 1906 அக்டோபர் 22-ந் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோது, உத்தியோகஸ்தர்கள், விதவைகள், மிராசுதார்கள் எத்தனையோ பேருடைய சேமிப்பு அதற்குள் இருந்தது. முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கொடுத்தார்கள். போன பணம் போனதுதான். அதை ஒட்டி 1907-ல் நம்மவர்களே இந்தியன் பாங்கை ஆரம்பித்தார்கள் என்றாலும், சூடு கண்ட கிராமத்தார் தங்கத்தையே நம்பினார்கள். பெண்டுகள் கழுத்துதான் குடும்பத்தின் பாங்கு.

1931 செப்டம்பர் 21-ந் தேதி இங்கிலாந்து தங்க நாணய முறையைக் கைவிட்டது. பவுன் நோட்டுக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. நமது ரூபாயைத் தங்கத்தோடு விடாமல், அந்த விழுகிற நோட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். உடனே தங்கத்தின் ரூபாய் விலை ஏற ஆரம்பித்தது. தோலா 21 ரூபாய்ச் சில்லறையாக இருந்தது, சில மாதங்களில் 30-ஐ நெருங்கியது. நெல், கடலை, பருத்தி எல்லாம் கீழே போகும்போது இது ஒன்றுதான் மேலே போயிற்று. கிஸ்துக்கும் வட்டிக்கும் வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான வீடுகளில், ஒரே சமயத்தில் எல்லார் பார்வையும் பெண்களின் கழுத்துக்குத் திரும்பியது.

கடை வீதியில் திடீரென்று தங்கம் வாங்குகிறவர்கள் முளைத்தார்கள். கிராமம் கிராமமாகத் தராசும் உரைகல்லும் கொண்டு சுற்றினார்கள். வாங்கிய நகை உருகிக் கட்டியாகி, பம்பாய்க்குப் போய், அங்கிருந்து கப்பலில் லண்டன் சேர்ந்தது. 1932 மார்ச்சுக்குள், அதாவது ஆறே மாதத்தில், ஏறக்குறைய 58 கோடி ரூபாய்த் தங்கம் வெளியே போயிற்று. அடுத்த யுத்தம் மூளுவதற்குள் மொத்தம் 300 கோடிக்கு மேல். ஏற்றுமதியைத் தடுக்கவேண்டும், வரியாவது போடவேண்டும் என்று காங்கிரஸ்காரர்களும் வியாபாரிகளும் கத்தினார்கள். சர்க்கார் அசையவில்லை. அசைவானேன்? இங்கிலாந்துக்குக் கட்டவேண்டிய பாக்கியெல்லாம் இந்தத் தங்கத்தில் சிரமமில்லாமல் நேராகிக்கொண்டிருந்தது.

இது துயரத்தினால் விற்ற தங்கமா, லாபத்துக்கு விற்ற தங்கமா என்று பொருளாதார நிபுணர்கள் அன்றே வாதாடினார்கள். நல்ல விலை வந்தது, விற்றார்கள் என்பது சர்க்கார் கட்சி. எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சியும் இருந்தன. "பவுன் பதின்மூன்று ரூபாய்க்கு வாங்கினது, பதினெட்டுக்குக் கேட்கிறான். இந்த விலை இனி வராது. நெல் விலை ஏறினதும் திருப்பி வாங்கிவிடலாம்" என்று தாத்தா சொன்னாராம். அவர் பொய் சொல்லவில்லை. 1932 தை மாதம் காசுமாலை 558 ரூபாய்க்குப் போயிற்று என்று நோட்டு சொல்கிறது. லாபந்தான். ஆனால் லாபத்துக்கு விற்றவர் அதை வேறு எதிலாவது போட்டிருக்கவேண்டும் அல்லவா? அது மூன்று வருஷத்து வட்டியாகப் போயிற்று. பாட்டியை ஒரு தடவை நானே கேட்டிருக்கிறேன். "விலை வந்தது என்றார், கழற்றிக் கொடுத்தேன். விலை வராமல் இருந்தாலும் கழற்றித்தான் கொடுத்திருப்பேன். விலை வந்ததனாலே அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடிந்தது" என்றாள். நிபுணர்களின் புத்தகங்கள் சிலவற்றைப் பிற்பாடு படித்தேன். இந்த அளவுக்குத் தெளிவாக அவர்கள் யாரும் சொல்லவில்லை.

(இந்தியத் தங்கம் இன்னொரு முறையும் கடல் கடந்தது. 1991-ல் சர்க்காரே சுமார் 47 டன்னை வெளிநாட்டில் அடகு வைத்தது. அது தேசத்தின் பெட்டகத்திலிருந்து போன தங்கம். பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது. 1931-ல் போனது வீடு வீடாகப் போயிற்று.)

இப்போது பட்டணத்துக்கு வருவோம். சின்னத் தாத்தா மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. சம்பளம் 75 ரூபாய். "அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்று தொடங்கும் கடிதங்கள் 1931 கடைசியில் கலவரமடைகின்றன. வருமானம் குறைந்த சர்க்கார், உத்தியோகஸ்தர்களுக்குப் பத்து சதவீதம் சம்பளம் வெட்டியது. 75 ரூபாய் 67 ரூபாய் எட்டணா ஆயிற்று. ரயில்வேயில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பி.ஏ. படித்துவிட்டு முப்பது ரூபாய் வேலைக்கு நூறு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த ஏக்கத்தில் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துப் போட்டிக் கூப்பன்களை நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். "நாளைக்கு யார் பெயர் வெட்டுப் பட்டியலில் இருக்குமோ என்று ஆபீசில் எல்லோரும் முகம் வெளுத்து இருக்கிறோம். ஆகையால் அண்ணா கேட்ட நூறு ரூபாய் இப்போது சௌகரியப்படாது" என்று ஒரு கடிதம்.

இதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. சம்பளம் பத்து சதவீதம் குறைந்தது. ஆனால் சாமான் விலை நாற்பது சதவீதம் இறங்கிவிட்டதே. 67 ரூபாய் எட்டணாவை வைத்துக்கொண்டு அவர் 1928-ல் நூறு ரூபாய்க்காரன் வாழ்ந்ததைப் போல வாழ முடிந்தது. வாழ்ந்தார். தவணையில் தையல் மெஷின் வாங்கினார். பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில் போட்டார். தமிழ் பேசும் படம் 1931-ல்தான் வந்திருந்தது. குடும்பத்தோடு போய்ப் பார்த்ததைக் கடிதத்தில் எழுதுகிறார். பிறகு கோபம் அடங்கியது. கைக்கு வருகிற ரூபாயைத்தான் மனிதன் எண்ணுகிறான்; அதனால் எத்தனை படி அரிசி வரும் என்று எண்ணுவதில்லை. ஏழரை ரூபாய் போனது அவருக்குத் தெரிந்தது. இருபத்தைந்து ரூபாய் வந்தது தெரியவில்லை. போதாததற்கு வேலை போய்விடும் என்ற பயம் நிஜமான பயம்.

1934-ல் கடன் கொடுத்தவர் அசலையே கேட்டார். அவரும் கெட்டவர் அல்ல. அவர் பணம் போட்டிருந்த வேறொரு இடம் ஆட்டம் கண்டிருந்தது. ஒருவன் காலை மற்றவன் பிடிக்க, அவன் காலை இன்னொருவன் பிடிக்க, ரங்கூனிலிருந்து கும்பகோணம் வரை அந்தச் சங்கிலி நீண்டிருந்தது. தாத்தா அரை வேலியை விற்பதென்று தீர்மானித்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னே மூவாயிரம் பெறும் நிலம். இப்போது 1,500-க்கு மேல் கேட்பாரில்லை. அந்த 1,500-ஐக் கொடுத்து நிலத்தை வாங்கிக்கொண்டவர் சின்னத் தாத்தா.

"அந்நியனுக்குப் போவதற்கு நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றுதான் துணிந்தேன். பிராவிடண்ட் பண்டிலும் கடன் வாங்கியிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். மார்க்கெட் விலைதான் கொடுத்தார். காலணா குறைக்கவில்லை. அவர் வாங்காவிட்டால் தாத்தா கோர்ட்டுக்குப் போயிருக்கவேண்டும். இவ்வளவும் நியாயம். ஆனாலும், நூறு ரூபாய் கேட்டபோது இல்லாதவரிடம் நிலம் வாங்க ஆயிரத்தைந்நூறு இருந்தது என்ற கணக்கைப் பாட்டியால் கடைசிவரை மறக்க முடியவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்குப் பட்டணத்துக் குடும்பம் ஊருக்கு வரவில்லை. பிறகு 1956 வரைக்கும் வரவில்லை.

கிராமத்திலிருந்து தப்பிய பணமெல்லாம் அந்த வருஷங்களில் பட்டணங்களுக்கு ஓடியது. பைக்காரா நீர்மின்சாரம் 1932-ல் வந்ததும், மலிந்த பருத்தியையும் மலிந்த கூலியையும் வைத்துக் கோயம்புத்தூரில் ஆலைக்கு மேல் ஆலை கிளம்பிற்று. அதே வருஷம் சர்க்கரைக்குப் பாதுகாப்பு வரி வந்து கரும்பாலைகள் பெருகின. இன்ஷியூரன்ஸ் கம்பெனி, பாங்கு, சினிமாக் கொட்டகை எல்லாம் மந்த காலத்தில்தான் மளமளவென்று எழுந்தன. நிலத்தில் போட்ட பணம் நெல்லைப் போல் மலிந்துபோகிறது என்று கண்டவர்கள் மில் பங்குகளை வாங்கினார்கள். நெல் விற்றவன் வீட்டில் நடந்த அதே மந்தம், நூல் நூற்றவன் வீட்டில் யோகமாக இருந்தது.

1937-ல் ராஜாஜி மந்திரிசபை பதவிக்கு வந்தது. மறு வருஷம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. தைரியமான சட்டம், இந்த நாட்டில் அதற்கு முன்னே அப்படி ஒன்று நடந்தது அபூர்வம். 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முன்னால் பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1-ல் நின்ற வட்டிப் பாக்கி முழுவதும் ரத்து. அசலைக் கொடுத்தால் போதும். அசலைப் போல் இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. புதுக் கடனுக்கு ஆறேகால் சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது. எத்தனையோ குடும்பங்கள் இதனால் பிழைத்தன என்பதில் சந்தேகம் இல்லை.

எங்கள் தெருவில் நாலாவது வீட்டுக்காரர் தாத்தாவைப் போலவே 1928-ல் கடன் வாங்கியவர். 1931-க்குப் பிறகு ஒரு தம்பிடி வட்டி கட்டவில்லை. கேட்க வருகிறவர்களுக்கு மோர் கொடுத்து உபசரித்து அனுப்பிவிடுவார். வெட்கம் கெட்டவர் என்று ஊரே ஏசியது. 1938-ல் சட்டம் வந்ததும் அவருடைய வட்டிப் பாக்கி ஆயிரத்துச் சொச்சமும் ஒரே நாளில் மறைந்தது. அப்புறம் யுத்தம், நெல் விலை ஏறியது, அசலையும் சுலபமாக அடைத்துவிட்டு, நிலத்தில் ஒரு குழி குறையாமல் நிமிர்ந்து நடந்தார். காசுமாலையையும் அரை வேலியையும் கொடுத்துக் கடனைத் தீர்த்திருந்த தாத்தாவுக்கு, நிவாரணம் கொடுக்கச் சட்டத்துக்கு அவரிடம் கடனே இல்லை. நாணயமாக இருந்தவனுக்குத் தண்டனை என்று சட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். நான்கு வருஷம் முன்னே வந்திருந்தால் அது எங்கள் வீட்டுக்கும் சட்டமாக இருந்திருக்கும்.

அந்த நாலாவது வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவளையும் சொல்லிவிடுகிறேன். அவள் எங்கள் அக்கிரகாரத்துக் கோடி வீட்டில் இருந்த ஒரு விதவை. புருஷன் வைத்துவிட்டுப் போன பணத்தை வட்டிக்கு விட்டுச் சாப்பிட்டவள். வேறு சொத்து இல்லாத பெண்களுக்கு வரவேண்டிய சிறு கடன்களைச் சட்டம் விலக்கித்தான் வைத்திருந்தது. சட்டம் எழுதியவர்களுக்கு அவளைப் போன்றவர்கள் ஞாபகம் இருந்திருக்கிறது. ஆனால் அவள் பேரில் பிறந்த வீட்டார் கொடுத்த கொல்லை ஒன்று, கால் காணி இருக்குமோ என்னவோ, இருந்தது. ஆகவே அவள் சொத்துள்ளவள். பிற்காலத்தில் அவள் நாலு வீடுகளுக்கு அப்பளம் இட்டுக் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கும் இட்டுக் கொடுத்தாள். அவளிடம் மாத்திரம் பாட்டி விலை பேசமாட்டாள்.

கட்டில் கடைசிக் கடிதம் 1935 ஏப்ரல் மாதத்தது. பேச்சு நின்ற பிறகும் சின்னத் தாத்தா எழுதியிருக்கிறார். முன்னே பாதி நீங்கியிருந்த சம்பள வெட்டு இந்த மாதம் முழுவதும் நீங்கிவிட்டது, மறுபடி 75 ரூபாய்க்கு மேலே வருகிறது, அரை வேலியில் குறுவை போடுவதா சம்பாவா என்பதை அண்ணாதான் சொல்லவேண்டும் என்று விசாரித்திருக்கிறார். பதில் போட்டதாகத் தெரியவில்லை. ஆனால் கடிதத்தின் பின்பக்கத்தில் தாத்தாவின் கையெழுத்தில் பென்சிலால் ஒரு கணக்கு இருக்கிறது. குறுவைக்கு இவ்வளவு விதை, இவ்வளவு ஆள், கலம் ஒன்றேகால் ரூபாய் வீதம் இவ்வளவு வரும் என்று போட்டுக்கொண்டே வந்து, கூட்டுத்தொகை எழுதாமல் விட்டிருக்கிறார். வெல்வெட்டுப் பெட்டியில் பாட்டி தபால் தலைகளும் ரேஷன் ரசீதுகளும் வைத்திருந்தாள். அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால், அடித்துணியில் முப்பத்தொரு வட்டத் தழும்புகள் இன்னும் தெரிகின்றன.